கீழே நிற்கிற கூலி

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில், படங்களுக்குக் கீழே, ஒரு மர ஆப்பு இருக்கிறது. ஒரு சாண் நீளம். ஒரு முனை தடித்தும் மறு முனை சீவி மெலிந்தும் இருக்கும். கருவேலங்கட்டை. அதன் ஒரு பக்கத்தில் கரிசல் மண் ஒட்டிக் காய்ந்து இறுகிப் போயிருக்கிறது. மருமகள் வந்த புதிதில், கதவு காற்றில் அடித்துக்கொள்கிறது என்று அதை எடுத்துக் கதவடியில் செருகிவிட்டாள். நான் போட்ட சத்தத்தில் தெருவே வந்து நின்றுவிட்டது. "ஒரு கட்டைக்குப் போயா அத்தை இந்தப் பாடு?" என்று கண் கலங்கிக் கேட்டாள் பாவம். அவளுக்கு எப்படித் தெரியும்? அது என் வீட்டுக்காரர் கையிலிருந்து நான் விரல் விரலாகப் பிரித்து எடுத்த கட்டை.

சங்கரன்கோவிலில் எழுபதுகளின் கடைசியில்தான் ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டுக் காங்கிரீட் போடுகிற ஆசை எல்லாருக்கும் பிடித்தது. அதுவரை மரப்பட்டறையில் கதவும் ஜன்னலும் செய்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் அப்போதுதான் சென்ட்ரிங் வேலைக்கு மாறினார். காங்கிரீட் ஊற்றும்போது குழைந்த மாவுதானே, அது இறுகும்வரை தாங்கிக்கொள்ள அடியில் ஒரு மரக்கூரை வேண்டும். பலகை பரப்பி, பலகைக்கு அடியில் வரிசையாகச் சவுக்குக் கம்புகளை முட்டாக நிறுத்தி, ஒவ்வொரு கம்பின் காலடியிலும் ஆப்பை வைத்து அடித்து இறுக்குவார்கள். மூன்று வாரம் கழித்து ஆப்பைத் தட்டி எடுத்தால் எல்லாம் பிரிந்து வந்துவிடும். கதவு செய்தால் நூறு வருஷத்துக்கு நிற்கும், பேர் சொல்லும். இதற்குப் பேரும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஆனால் கூலி அதிகம்.

அந்தக் கூலியில் படிகள் இருந்தன. பலகை அறுக்கிறவருக்கும் ஆணி அடிக்கிறவருக்கும் ஒன்பது ரூபாய். அளவெடுத்து, மட்டம் பார்த்து, எந்த இடத்தில் எத்தனை கம்பு என்று முடிவு சொல்கிறவருக்குப் பதினான்கு. அதுதான் முழுக்கூலி. முழுக்கூலி வாங்குகிறவருக்கு ஒரு கடமையும் சேர்ந்தே வரும். காங்கிரீட் போடுகிற அன்று அவர்தான் கூரைக்கு அடியில், அந்தக் கம்புக் காட்டுக்குள், சுத்தியலோடு நிற்க வேண்டும். எந்தக் கம்பு நெளிகிறது, எந்த ஆப்பு தளர்கிறது என்று பார்த்து அடித்து இறுக்க வேண்டும். பலகை இடுக்கில் சிமெண்டுப் பால் ஒழுகினால் சிமெண்டுப் பைக் காகிதத்தைச் சுருட்டி அடைக்க வேண்டும். தான் கொடுத்த முட்டின் மேல் தனக்கே நம்பிக்கை இருக்கிறதா என்று அவர் உடம்பை வைத்துக் காட்டுகிற மாதிரி. அன்றைக்கு மட்டும் ஒன்றரைக் கூலி. 'கீழ நிக்கிற கூலி' என்றே அதற்குப் பெயர்.

எனக்கு நாலரை ரூபாய். அதே கட்டடத்தில் நான் சித்தாள். சாரத்தில் ஏறிப் போய்க் காங்கிரீட் சட்டியைக் கொத்தனார் காட்டுகிற இடத்தில் கொட்டுவது என் வேலை. யோசித்துப் பாருங்கள். கீழே அவர் நிற்கிறார். மேலே நான் ஒவ்வொரு சட்டியாகக் கொண்டுபோய் அவர் தலைக்கு மேல் கொட்டுகிறேன். என்னைப் பயந்தாங்கொள்ளி என்று எல்லாரும் சொன்னார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். காங்கிரீட் போடப் போகிறார்கள் என்றால் முதல் நாளே சோறு இறங்காது. போடுகிற அன்று காலையில் கோயில் புற்றுமண்ணைக் குழைத்து அவர் நெற்றியில் பூசி அனுப்புவேன். "ஏட்டி, எனக்கு எதுக்குப் பூசுத? கம்புக்குப் பூசி விடு. அதுவதான் பாரம் தாங்கப் போவுது" என்று சிரிப்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

கீழே இருக்கிறவருக்கும் மேலே இருக்கிறவர்களுக்கும் இடையில் பேச்சு கிடையாது, தட்டுதான். ஒரு நடை கொட்டி முடித்ததும் அடியிலிருந்து சுத்தியலால் பலகையில் இரண்டு தட்டு வரும். சரி, போடலாம் என்று அர்த்தம். படபடவென்று மூன்று தட்டு வந்தால் நிறுத்த வேண்டும். அந்த இரண்டு தட்டு என் உள்ளங்காலில் வந்து ஏறும்வரை நான் மூச்சு விடமாட்டேன். ஒருநாள் அவர், "மேல எத்தனை பேரு நடந்தாலும் உன் காலு எனக்குத் தெரியும் ஏட்டி. நீ வலது காலை அழுத்தி வைக்க" என்றார். "ஆமா, யானை நடக்குன்னு சொல்லிருங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது வத்தல் குடோன் கதை. அதற்கு முன்னால் வாசுதேவநல்லூரில் ஒரு வீட்டு வேலை. அங்கே பலகைகள் வெயிலில் காய்ந்து இடுக்கு விட்டுப்போய், சிமெண்டுப் பால் பூராவும் கீழே ஒழுகிவிட்டது. பலகையைப் பிரித்துப் பார்த்தால் கூரையின் அடிப்பக்கம் பொத்தல் பொத்தலாக நிற்கிறது. சென்ட்ரிங் சரியில்லை என்று காண்ட்ராக்டர் என் வீட்டுக்காரருக்கு மூன்று நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார். அப்போது மகனுக்கு இரண்டு வயது. பக்கத்து வீட்டில் அவனை விட்டுவிட்டு இரண்டு பேரும் வேலைக்குப் போய், மூன்று நாள் கூலி போனால் அது எங்களுக்குச் சின்ன அடியா?  நான்தான் அந்தக் காண்ட்ராக்டரை வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தேன். இனி ஒரு சொட்டுப் பால்கூட ஒழுகக்கூடாது என்று எனக்குள் ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. அந்த வைராக்கியம்தான் வினையாகப் போயிற்று.

அடுத்த வேலை, ராஜபாளையம் ரோட்டில் ஒரு வத்தல் வியாபாரிக்குக் குடோன். பெரிய கூரை. தரையை உயர்த்துவதற்குச் சரள்மண் அடிக்க வேண்டிய இடத்தில், பக்கத்து வயலில் சும்மா கிடைக்கிறது என்று காண்ட்ராக்டர் கரிசலை அடித்து நிரப்பியிருந்தார். "கரிசல்ல கம்பு நிறுத்த யோசனையா இருக்கு அண்ணாச்சி" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். "நீரு மரத்தை மட்டும் பாரும் வே, மண்ணை நான் பாத்துக்கிடுதேன்" என்று காண்ட்ராக்டர் இவர் வாயை அடைத்துவிட்டார். இவரும் என்ன செய்வார், ஒவ்வொரு கம்புக்கும் அடியில் ஒரு துண்டுப் பலகையைப் படுக்க வைத்து, அதன் மேல் ஆப்பு வைத்துக் கம்பை நிறுத்தினார். மண் காய்ந்து இறுகிக் கிடந்தது. அப்படியே கிடந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

காங்கிரீட்டுக்கு முதல் நாள் சாயங்காலம் கூரைப் பலகையைத் தண்ணீர் ஊற்றி நனைக்க வேண்டும். நனைந்த பலகை உப்பி இடுக்கு மூடிக்கொள்ளும், சிமெண்டின் ஈரத்தையும் உறிஞ்சாது. அது சித்தாள் வேலை. "பலகையை நனைச்சிரு ஏட்டி" என்று சொல்லிவிட்டு, இன்னும் குறைகிற கம்புகளை எடுத்து வர அவர் மேலநீலிதநல்லூருக்கு வண்டியில் போய்விட்டார். வழக்கமாகப் பத்துக் குடம் ஊற்றுவோம். மற்ற பெண்கள் ஊற்றி முடித்துக் கிளம்பிவிட்டார்கள். நான் கிளம்பவில்லை. கிணற்றில் இறைத்து, தலையில் ஏற்றி, சாரத்தில் ஏறி, குடம் குடமாக ஊற்றினேன். ஒழுகிப் போன மூன்று நாள் கூலியை அன்றைக்கே அடைத்துவிடுகிற வேகம். நாற்பது குடம் இருக்கும். கழுத்து விட்டுப்போயிற்று. ஊற்றிய தண்ணீர் பலகை இடுக்கு வழியாகக் கீழேதானே போகும் என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. நான் கரிசல் காட்டில் பிறந்தவள். மழை பெய்த கரிசலில் கால் வைத்தால் முழங்கால் வரைக்கும் இழுக்கும் என்று எனக்கு நடக்கப் பழகிய நாளிலிருந்து தெரியும். தெரிந்த நானே போய் ஊற்றினேன்.

காலையில் நாங்கள் போனபோது அவர் கம்புகளைப் பார்க்க உள்ளே நுழைந்தார். வெளியே வரும்போது கணுக்கால் வரைக்கும் கறுப்புச் சேறு. அதைப் பார்த்த உடனே அது நான் ஊற்றிய தண்ணீர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் நேராகக் காண்ட்ராக்டரிடம் போனார். "தரை ஈரமா இருக்கு அண்ணாச்சி. ரெண்டு நாள் தள்ளிப் போடுவோம்."

"நல்ல நேரம் பாத்து முதலாளி தேங்கா உடைச்சாச்சு. நாப்பது ஆளு வந்து நிக்கி. தள்ளிப் போடவா? உமக்குப் பயமா இருந்தா ஒதுங்கி நில்லும் வே. ஒம்பது ரூவாய்க்குப் பலகை தூக்கும். வேற ஆளை நிறுத்திக்கிடுதேன்."

என் வீட்டுக்காரர் திரும்பி, கூட இருந்த இன்னொரு சென்ட்ரிங்காரரைப் பார்த்தார். கல்யாணமாகி ஒரு மாதம் ஆன ஆள் அவர்; இவர் ஒதுங்கினால் அவரைத்தான் உள்ளே அனுப்புவார்கள். பிறகு இவரே சுத்தியலை எடுத்துக்கொண்டு, இடுப்பில் நாலு ஆப்பைச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நாற்பது குடம் ஊற்றியவள் நான்தான், உள்ளே போகாதீர்கள் என்று கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. இரண்டு பேருக்கும் வேலை போய்விடும் என்று ஒரு பயம், எல்லார் முன்னாலும் அவமானம் என்று ஒரு பயம். இத்தனை பயத்தில் எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்கு மட்டும் வாய் வரவில்லை. சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தேன்.

தென்மேற்கில், கன்னிமூலையில் தொடங்கினார்கள். முதல் நடை கொட்டினோம். இரண்டு தட்டு வந்தது. அடுத்த நடை. இரண்டு தட்டு. நான் ஊரில் இருக்கிற எல்லாச் சாமியையும் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது நடை முடிந்தது. தட்டு வரவில்லை. கொத்தனார் அண்ணாச்சி கரண்டியைக் கையில் பிடித்தபடி காதைக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, படபடவென்று மூன்று தட்டு.

"நிறுத்தாதிய, போடுங்க!" என்று வெளியே தரையில் நின்ற காண்ட்ராக்டர் சத்தம் போட்டார். "பாதியில நின்னா ஒட்டு விழுந்து மழைக்கு ஒழுகும். ஏதோ ஒரு ஆப்பு தளந்திருக்கும், அடிச்சுக்கிடுவாரு!"

என் தலையில் சட்டி இருந்தது. சாரம் முடிந்து கூரை தொடங்குகிற இடத்தில் நின்றேன். ஒரு எட்டு வைத்தால் பலகை.  சட்டியை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே குறுக்கே உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தாண்டாமல் ஒருவரும் கூரைக்குப் போக முடியாது.

"ஏய், எந்திரி! யாரு அவ?" என்றார் காண்ட்ராக்டர்.

"நான் போட மாட்டேன்! கீழ எங்க வீட்டுக்காரரு நிக்காரு!" என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

எனக்குப் பின்னால் பனவடலிசத்திரத்து அக்கா ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். பெரிய வாய். அவளும் சட்டியை இறக்கினாள். "எனக்கும் காலு வலிக்கு அண்ணாச்சி. உக்காந்துட்டேன்" என்றாள். வரிசை நின்றது. அந்த அமைதியில்தான் எல்லாருக்கும் கேட்டது. கூரைக்கு அடியில் சுத்தியல் ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு இடத்தில் நாலு அடி, ஓடிப்போய் இன்னொரு இடத்தில் நாலு அடி. பிறகு ஒரு கம்பு முறிகிற சத்தம். எங்கள் கண் முன்னால் கன்னிமூலையில் கூரை நாலு விரற்கடை இறங்கியது. கொத்தனார் அண்ணாச்சி, "எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க! கொட்டுனதை வாரு!" என்று அலறினார். ஆண்கள் மண்வெட்டியால் காங்கிரீட்டை வாரி வெளியே எறிந்தார்கள்.

நான் எப்படிக் கீழே இறங்கினேன் என்று நினைவில்லை. வாசலில் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே இருட்டும் கம்புகளும் தெரிந்தன. அவர் தெரியவில்லை. சுத்தியல் மட்டும் கேட்டது. அது கேட்கிறவரை அவர் இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டே நின்றேன். பிறகு அதுவும் நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த நேரத்துக்குள் நான் தாலியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, மகனுக்கு என்ன சொல்வது என்றுவரை யோசித்து முடித்துவிட்டேன்.

அவர் வந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. இடது கைக் கட்டைவிரல் நசுங்கி நகம் கறுத்திருந்தது. வலது கையில் ஒரு ஆப்பு. சுத்தியலை எங்கேயோ போட்டுவிட்டு அதை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தார். என்னைக் கண்டதும், "உனக்கு ஒண்ணுமில்லையே ஏட்டி?" என்று கேட்டார்.

"எனக்கென்ன கேடு? நல்லாத்தான இருக்கேன்!" என்று சீறினேன். பைத்தியக்காரக் கேள்வி என்று கோபம். அவர் கை விறைத்துப்போய் ஆப்பை விடவில்லை. சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன்.

சாயங்காலம் விசாரணை நடந்தது. தண்ணீர் இறங்கித்தான் தரை நெகிழ்ந்திருக்கிறது என்று கொத்தனார் அண்ணாச்சி சொல்லிவிட்டார். "எவ ஊத்துனா?" என்று காண்ட்ராக்டர் எங்களைப் பார்த்துத் திரும்பினார்.  அப்போது என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். "தண்ணியில ஒண்ணுமில்ல அண்ணாச்சி. அடிப்பலகை அகலம் பத்தல. தப்பு எம்மேலதான்" என்றார். கரிசல் அடித்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, காண்ட்ராக்டரும் பேசவில்லை. அன்றோடு அவருக்கு முழுக்கூலி போயிற்று. ஒன்பது ரூபாய். கீழே நிற்க வேறு ஆள்.

சொன்னால் என்னைக் கேவலமாக நினைப்பீர்கள். அதன் பிறகு வந்த ஆறு மாதமும் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். காங்கிரீட் நாளில் அவர் பலகை தூக்கிப் போட்டுவிட்டு ரோட்டோரம் டீக்கடையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். ஆனாலும் என் சட்டிக்குக் கீழே அவர் இல்லை என்கிற ஒன்றுக்காக, ஒன்பது ரூபாயிலேயே காலம் முழுக்க ஓட்டிவிடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். கீழே வேறொருத்தி புருஷன் நிற்கிறான் என்பதை நினைக்கவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். பயம் மனுஷியை அப்படி ஆக்கிவிடும்.

ஆறு மாதம் கழித்துக் காண்ட்ராக்டரே கூப்பிட்டு முழுக்கூலி கொடுத்தார், இவர் மாதிரி மட்டம் பார்க்க ஆள் இல்லை. முதல் வேலை, நனைக்கிற சாயங்காலம். நான் பதினோராவது குடத்தைத் தூக்கிக்கொண்டு சாரத்தில் ஏறினேன். எதிரே வந்த என் வீட்டுக்காரர் குடத்தை என் தலையிலிருந்து இறக்கி வைத்தார்.

"பத்துக் குடம் போதும் ஏட்டி."

அவ்வளவுதான் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, அவருக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும் என்று. அதன் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாக வாழ்ந்தோம். எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம், எத்தனையோ சொல்லிக் காட்டியிருக்கிறோம். இதை ஒருநாளும் அவர் எடுத்ததில்லை, நானும் வாய் திறந்து மன்னிப்புக் கேட்டதில்லை. சர்க்கரை நோயில் அவர் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது கேட்டுவிடலாம் என்று இரண்டு தடவை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டு தடவையும் "கஞ்சி குடிக்கியளா?" என்றுதான் கேட்டேன்.

போன மாதம் மகன் மாடி எடுத்தான். இப்போது சவுக்குக் கம்பு இல்லை, இரும்பு முட்டு. பலகை இல்லை, தகரம். திருகினால் இறுகுகிறது, ஆப்பு தேவையில்லை. லாரியில் காங்கிரீட் வந்து குழாய் வழியாக மேலே போகிறது. "கீழ யாருப்பா நிக்கா?" என்று கேட்டேன். "எதுக்கும்மா? எல்லாம் கணக்குப் போட்டுத்தான் வச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அவன் மேலே ஏறிப்போய்விட்டான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாமி அலமாரியில் இருந்த ஆப்பை எடுத்துக்கொண்டு, யாரும் பார்க்காத நேரத்தில் உள்ளே நுழைந்துவிட்டேன்.

அத்தனை வருஷம் மேலே சுமந்தவள், ஒருநாளும் கீழே நின்று பார்த்ததில்லை. இருட்டு. தலையை இடிக்கிற மாதிரி தகரம். மேலே பத்துப் பேர் நடக்கிற சத்தம். அந்தச் சத்தத்துக்குள் ஒரு நடை தனியாகக் கேட்டது. வலது காலை அழுத்தி வைக்கிற நடை. என் மகன். என்னுடைய நடைதான் அவனுக்கு. அவன் ஓரத்துக்குப் போகும்போதெல்லாம் நானும் கீழே அந்தப் பக்கம் நகர்ந்தேன். என் தலையில் விழுமே என்று ஒரு நினைப்பும் வரவில்லை. கூரை போனால் அவன் விழுவானே, அது ஒன்றுதான். உனக்கு ஒண்ணுமில்லையே ஏட்டி என்று அவர் கேட்டது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"அத்தை! அங்க என்ன செய்யுதிய? வெளிய வாங்க!" என்று வாசலில் மருமகள் கூப்பிட்டாள். வாரேன் என்றேன். போகவில்லை. கையை உயர்த்தி, அந்த நடைக்கு நேர் கீழே, ஆப்பால் இரண்டு தட்டுத் தட்டினேன்.